பல்லக்கா ஹைலைட் போட்ட ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் பல்லக்கா தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கழுத்தில் பழைய துண்டு. கையில் வால் சீப்பு. எதிரே சுவரில் சாய்த்து வைத்த ஆளுயரக் கண்ணாடி. மேஜைமேல் ப்ளீச் பவுடர், அதோடு கலக்கும் டெவலப்பர் புட்டி, ஒரே அளவாக வெட்டி அடுக்கிய ஃபாயில் தாள்கள், சின்ன எடை மெஷின்.

"அம்மா, இன்னொரு தடவை யோசிச்சுக்கோ" என்றாள் மகள்.

"எட்டு மாசமா யோசிச்சாச்சு. நீ ஃபாயிலை எடுத்துக் குடு."

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லக்கா, பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்பும் வாய்களுக்குப் பீங்கான் பல் செய்கிறவள். இருபத்தாறு வருஷ அனுபவம். பக்கத்துப் பல்லைப் பார்த்து, அதன் நிறத்தை, அதன் ஓரத்தில் தெரியும் லேசான நீலத்தை, காபி குடித்த கறையைக் கூடத் தூரிகையால் ஒற்றி எடுத்துவிடுவாள். எது சொந்தப் பல், எது அவள் செய்த பல் என்று டாக்டர்களே தடுமாறுவார்கள். ஆனால் அத்தனை வருஷமும் கதவுக்கு முதுகைக் காட்டியபடிதான் உட்கார்ந்திருக்கிறாள். பட்டறைக்கு வருகிறவர்கள் பார்த்தது அவளுடைய பின்னலை மட்டும்தான்.

அந்த முதுகு நாளைக்குத் திரும்பப் போகிறது. முன்னூறு பேர் கூடும் பல் மருத்துவ மாநாட்டில் மேடையில் உட்கார்ந்து அவள் ஒரு முன்பல்லைச் செய்து காட்ட வேண்டும். கையைப் பெரிய திரையில் காட்டுவார்களாம். கையைக் காட்டுகிற கேமரா தலையையும் காட்டாமலா விடும்?

தலையில்தான் சிக்கல். பதினைந்து வருஷமாக முன்வகிட்டு நரையைக் கறுப்புச் சாயத்தில் மூடி வந்தவளுக்கு, சென்ற வருஷம் சாயம் ஒத்துக்கொள்ளாமல் போனது. நெற்றி தடித்து, இமை வீங்கி, கண் திறக்கவே இரண்டு நாள் ஆயிற்று. "இனிமே கறுப்புச் சாயம் கிட்டவே வரக்கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பல்லக்கா பின்னலை வெட்டினாள். சாயம் பட்ட நுனியெல்லாம் போகிறவரை காதளவுக்கு முடியைக் குறைத்தாள். இப்போது முன்னால் மூன்று விரல் அகலத்துக்குச் சுத்த வெள்ளை. பின்னால் கன்னங்கரேலென்று கறுப்பு. சுண்ணாம்பு அடிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்ட சுவர் மாதிரி இருந்தது.

வெள்ளையை மறைக்க முடியாது. சரி, கறுப்பைக் கீற்றுக் கீற்றாக வெளிற வைத்து வெள்ளையோடு கலந்துவிட்டால்? ஹைலைட் என்றால் மருந்து தலைத்தோலில் படாமல் முடியில் மட்டும் வைக்கலாம். காதுக்குப் பின்னால் துளி வைத்து இரண்டு நாள் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை.

"கடைக்குப் போயிடலாமே?" என்று அவள் புருஷன் கேட்டதுண்டு.

பல்லக்கா எப்படிப் போவாள்? ஊரிலேயே பேர்பெற்ற பார்லர் அவளுடைய தங்கையுடையது. தங்கையோடு பேசி நாலு வருஷமாகிறது. வேறு கடையில் போய்த் தலையைக் கொடுத்தால் அது தங்கைக்குச் செய்கிற இரண்டாவது அவமானம். தங்கையின் கடைக்குப் போகவோ முகமில்லை. ஆகவே வீட்டில், தன் தலையில், தன் கையால்.

"ரெண்டுக்கு ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டே அவள் எடை மெஷினில் பவுடரை நிறுத்தாள். பல்லுக்குப் பீங்கான் மாவு நிறுக்கும் அதே கை. டெவலப்பரை ஊற்றித் தயிர்ப் பதத்துக்குக் கலக்கினாள். மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. மகள் ஜன்னலை முழுக்கத் திறந்தாள்.

வால் சீப்பின் நுனி வகிட்டில் இறங்கியது. ஒரு மெல்லிய வரிசை முடியைப் பிரித்து, அதிலும் ஒன்றைத் தூக்கி ஒன்றை விட்டு, ஒன்றைத் தூக்கி ஒன்றை விட்டு நெய்தாற்போலப் போனது. தூக்கிய முடிக்கு அடியில் ஃபாயில். வேரிலிருந்து அரை விரல் தள்ளி மருந்து. இரண்டு மடிப்பு. அடுத்தது.

மூக்குக் கண்ணாடி இல்லாமலா? இல்லாமல்தான். காம்பு காதோரத்து ஃபாயிலில் இடிக்கிறதே! கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்ததை விரல் சொல்லிக்கொடுத்தது. ஆறாவது ஃபாயிலில் மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். பன்னிரண்டாவதில் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிம்மா ஒண்ணுகூட அகலமா வரல?"

"பல்லு இதைவிடச் சின்னதுடி."

அந்த நேரத்தில்தான் புருஷன் உள்ளே வந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமையிலும் யாராவது எந்தக் கட்டடத்திலாவது மாட்டிக்கொண்டு அவரைக் கூப்பிடுவார்கள். பையோடு கிளம்பியவர் மனைவியின் தலையைப் பார்த்து நின்றார்.

"இப்ப எந்தெந்த நாட்டு ரேடியோவெல்லாம் கேக்குது?"

"சிரிக்க வைக்காதீங்க. தலை ஆடிடும்."

அவர் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். விளையாட்டுப் பேச்சு நின்றுவிட்டது. "மோட்டார் காயில் சுத்தின மாதிரி இருக்கு" என்றார் மெதுவாக. அவர் வாயிலிருந்து அதைவிடப் பெரிய பாராட்டு வந்ததில்லை. பல்லக்காவுக்கும் அது தெரியும். "போயிட்டு வாங்க, யாரோ உள்ள மாட்டிட்டு இருக்காங்க" என்று விரட்டினாள்.

பதினெட்டாவது ஃபாயிலில் தோள் பிடித்துக்கொண்டது.

வருஷக்கணக்காக மேஜையில் குனிந்து வேலை பார்த்த இடது தோள். முன்பக்கமும் இரண்டு காதோரமும் முடிந்து, பின்மண்டைக்குக் கையைத் தூக்கியபோது பாதியில் நின்றுவிட்டது. மேலே போகவில்லை. கீழே இறங்கவும் வலித்தது. பல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கையை மடியில் போட்டாள்.

"பின்னாடி நான் வைக்கட்டா?" என்றாள் மகள்.

"உனக்குப் பழக்கமில்ல. தோலில் பட்டுடும். ரெண்டு நிமிஷம் இரு, சரியாயிடும்."

ரெண்டு நிமிஷத்தில் சரியாகவில்லை. வைத்த மருந்து வேலை செய்துகொண்டே இருந்தது. மகள் தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து அவள் யாருக்குப் போன் செய்தாள் என்று பல்லக்காவுக்குத் தெரியாது.

பத்து நிமிஷத்தில் வாசல் மணி அடித்தது. காலடிச் சத்தத்தை வைத்தே பல்லக்கா கண்டுகொண்டாள். மூக்குக் கண்ணாடி இல்லாத கண்ணுக்கு, எதிரே இருந்த ஆளுயரக் கண்ணாடியில் ஒரு ஊதாநிற உருவம் மட்டும் தெரிந்தது.

"யாரு வரச்சொன்னா?" என்றாள், திரும்பாமலே.

"நான்தாம்மா" என்றாள் மகள்.

தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாலு வருஷம் கழித்து அக்காவின் வீட்டில் அவள் பேசிய முதல் பேச்சு: "வெச்சு எத்தனை நிமிஷம் ஆச்சு?"

"முன்னாடி வெச்சது இருபத்திரண்டு. முப்பத்திரண்டு ஆகணும்."

"யார் சொன்னது முப்பத்திரண்டு?"

பல்லக்கா மேஜையைக் காட்டினாள். அங்கே ஒரு அட்டை இருந்தது. வெட்டிய பின்னலிலிருந்து எடுத்த பதினான்கு முடிக்கற்றைகள், ஒவ்வொன்றும் நூலால் கட்டி வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. அடியில் பென்சிலால் நிமிஷக் கணக்கு. எட்டு நிமிஷத்தில் கரும்பழுப்பு. பதினாறில் செங்கல். இருபத்திரண்டில் செம்பு. முப்பத்திரண்டில் தேன். நாற்பதில் வைக்கோல். நாற்பத்தைந்தில் வைத்த கற்றை பாதி அறுந்து தொங்கியது. பீங்கான் பற்களை நிறவாரியாக வரிசைப்படுத்தி வைத்திருக்கும் பட்டறை வழக்கத்தை அவள் முடிக்குக் கொண்டுவந்திருந்தாள்.

தங்கை அட்டையைக் கையில் எடுத்தாள். சீக்கிரம் கீழே வைக்கவில்லை.

"இதை எப்ப பண்ணே?"

"ரெண்டு மாசமா. வேலைவிட்டு வந்து."

"இருபது வருஷமா கடை நடத்துறேன். இப்படி ஒண்ணு நான் செஞ்சதே இல்ல." அவள் அதை யாரிடமோ கோபித்துக்கொள்வது போலச் சொன்னாள். பிறகு அக்காவின் பின்னால் வந்து, நெற்றியோரத்து ஃபாயில் ஒன்றைத் தொட்டாள். முகம் மாறியது. பையிலிருந்து கையுறைகளை எடுத்து அவசரமாக ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு ஃபாயிலைப் பிரித்துப் பார்த்தாள்.

"அக்கா, இதை இப்பவே எடுக்கணும்."

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"இல்ல. இப்பவே."

"பதினாலு தடவை பாத்திருக்கேன். முப்பத்திரண்டுலதான் தேன் வரும்."

"நீ பாத்தது மேஜைமேல கிடந்த முடியில. அதுக்குச் சூடு ஏது? இது உயிரோட இருக்கிற தலை. தலைச்சூட்டுல மருந்து வேகமா ஓடும். போதாததுக்கு வெயில்ல வேற உக்காந்திருக்கே. ஃபாயில் தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது."

பல்லக்கா நிறம் நன்றாகத் தெரியட்டும் என்றுதான் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். பல்லுக்கு எப்போதும் அப்படித்தான் பார்ப்பாள். பல் செய்யும்போது அவள் முன்னால் இருப்பது சாந்தில் வார்த்த தாடை. அது சுடாது, வியர்க்காது, மூச்சு விடாது.

அவள் கண்ணாடியில் தன் நெற்றியோரத்தைப் பார்க்க முயன்றாள். மங்கலாக ஏதோ வெளிறலாகத் தெரிந்தது. செம்பா, தேனா, வைக்கோலா? எந்தப் பல்லின் நிறத்தையும் ஒரு பார்வையில் சொல்கிறவளுக்குத் தன் முடியின் நிறம் தெரியவில்லை.

அந்த ஒரு நொடியில் பல்லக்காவுக்கு ஞாபகம் வந்தது வேறு ஒரு நாள். மகள் பள்ளிப் படிப்பை முடித்த சமயம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். "அக்கா, பாப்பாவுக்குக் கை நல்லா வருது. என் கடையில கொஞ்ச நாள் கத்துக்கட்டுமே" என்று தங்கை ஆசையாகக் கேட்டாள். "முடி வெட்டுறதுக்கா நான் இவளைப் படிக்க வெச்சேன்?" என்று பல்லக்கா எல்லார் முன்னாலும் சொன்னாள். யாரோ சிரித்தார்கள். தங்கை கையிலிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

இரண்டு மாதமாக ஒவ்வொரு கற்றையாக மருந்து வைத்துப் பார்க்கப் பார்க்க, தான் சொன்னது எவ்வளவு பெரிய அறியாமை என்று அவளுக்கு உறைத்துக்கொண்டே இருந்தது. ஒரு நிமிஷம் கூடினால் நிறம் போகிறது. இரண்டு துளி கூடினால் முடியே போகிறது. இதைத் தினமும் பத்துத் தலையில், பேசிக்கொண்டே, சிரித்துக்கொண்டே செய்கிறவளையா அப்படிச் சொன்னோம்!

"எடு" என்றாள் பல்லக்கா.

தங்கை அதற்குமேல் ஒரு விநாடி வீணாக்கவில்லை. "பாப்பா, குழாயைத் திற. வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணி. அக்கா, எழுந்திரு, மெதுவா, தலையைச் சாய்க்காதே. வலது காதோரம் வெயில் படல, அது இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கட்டும். நெத்தி மட்டும் முதல்ல."

"அப்ப பின்னாடி? பின்னாடி வைக்கவே இல்லையே!"

"வைக்க வேண்டாம்."

"முன்னாடி பதினெட்டு இருக்கு. பின்னாடி ஒண்ணுமே இல்லேன்னா ஒரு பக்கமா இருக்காதா?"

"உன் பல்செட்டு இல்லக்கா இது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க. பின்னாடி அந்தக் கறுப்பு இருந்தாத்தான் முன்னாடி வெளிச்சம் எடுக்கும். கடவுள் குடுத்த கறுப்பு, அதைக் கெடுக்காதே."

பல்லக்கா வாஷ்பேசினில் தலையைக் கவிழ்த்தாள். தங்கையின் விரல்கள் ஃபாயிலை ஒன்றொன்றாக உருவின. உருவிய இடத்தில் தண்ணீர் விழுந்தது. குளிர்ச்சி தலையெங்கும் பரவியது. முகம் பேசினுக்குள் இருந்ததால் யார் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. பல்லக்கா வாயைத் திறந்தாள்.

"அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு."

தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்ன? கேக்கல" என்றாள் தங்கை.

"கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியும்."

"தண்ணிச் சத்தம்."

பல்லக்கா பேசினுக்குள்ளேயே குரலை உயர்த்தினாள். "நான் சொன்னது தப்புன்னு சொன்னேன்டி! வீடு நிறைய ஆளுங்களை வெச்சுக்கிட்டு உன் வேலையைக் கேவலமாப் பேசினது தப்பு. அது வேலையில்லன்னு நெனச்சேன். அது என் வேலையைவிடக் கஷ்டம். போதுமா? மூக்குக்குள்ள தண்ணி போகுது!"

தங்கை குழாயை மூடினாள். பிறகு துண்டை எடுத்து அக்காவின் தலையைச் சுற்றி, வழக்கத்தைவிட இறுக்கமாகவே கட்டினாள்.

"நாலு வருஷம்" என்றாள். "ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"நீ எடுக்கமாட்டேன்னு நெனச்சேன்."

"எடுத்திருக்கமாட்டேன்தான். ஆனா நீ பண்ணியிருக்கணும்."

மகள் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மருந்து நெடி" என்றாள், யாரும் கேட்காமலே.

வலது காதோரத்தையும் அலசினார்கள். தங்கை தன் பையிலிருந்து டோனரை எடுத்து, மஞ்சள் தட்டாமலிருக்கக் கொஞ்ச நேரம் ஊறவைத்து அலசச் சொன்னாள். பிறகு மகளையே ட்ரையரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் தள்ளி நின்று பார்த்தாள். முடி உலர உலர நிறம் வெளியே வந்தது.

"கண்ணாடியைப் போட்டுக்கோ" என்றாள்.

பல்லக்கா போட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

வெள்ளை அங்கேதான் இருந்தது, ஒரு முடி குறையாமல். ஆனால் அது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே ஒரு இளம்பழுப்பு, மெல்லிய மெல்லிய இழைகளாக ஓடி இரண்டையும் சமாதானப்படுத்தியிருந்தது. தலையைத் திருப்பினால் ஒரு இழை மின்னி அடங்கியது. பின்னால் கறுப்பு அடர்த்தியாக நின்று எல்லாவற்றையும் தாங்கிப்பிடித்தது. வயசு குறைந்ததாகத் தோன்றவில்லை. ஐம்பதை நெருங்கும் ஒருத்தி, தன் வயசோடு நன்றாகப் பழகிக்கொண்டவள் போல எதிரே இருந்தாள்.

எதையும் குறை சொல்லியே பழகிய கண் அது. ஒரு இழையில் குறை தேடியது. கிடைக்கவில்லை.

"அக்கா" என்றாள் தங்கை, முடியை விரலால் விலக்கிப் பார்த்தபடி. "எங்கிட்ட மூணு வருஷம் வேலை கத்துக்கிட்டவளுக்குக்கூட இவ்வளவு சன்னமாப் பிரிக்க வராது. எனக்கே சில நாள் வராது. கண்ணாடிகூட இல்லாம, உன் தலையில நீயே செஞ்சிருக்கே. யார் சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்ல."

"பொய் சொல்லாதே."

"நிஜமா. உன் கடை வாசல் வழியா பஸ்ஸுல போவேன். சிக்னல்ல நிக்கும்போது கண்ணாடி வழியா நீ வேலை செய்யறது தெரியும். சீப்பை எப்படிப் பிடிக்கிறேன்னு பாப்பேன். சிக்னல் விழுந்துடும். மறுநாள் மீதியைப் பாப்பேன்."

தங்கை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

லிஃப்ட்காரர் வேலை முடிந்து திரும்பியபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு கூடுதலாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். மச்சினியைக் கண்டதும் புருவம் ஏறியது. மனைவியைக் கண்டதும் பையைக் கீழே வைக்க மறந்தார்.

"திரும்பு" என்றார்.

பல்லக்கா திரும்பினாள்.

"அந்தப் பக்கம்."

திரும்பினாள்.

"என்னங்க, பிடிக்கலையா?"

"நாளைக்கு அந்த முன்னூறு பேரும் பல்லைப் பாத்த மாதிரிதான்" என்றார் அவர். சொல்லிவிட்டு வெட்கப்பட்டு, டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் புகுந்துகொண்டார். மகளும் சிரித்துக்கொண்டே அப்பாவின் பின்னால் போனாள்.

அக்காவும் தங்கையும் தனியே இருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் அள்ளும். கடையை யார் பாத்துக்குறா?" என்று கேட்டாள் பல்லக்கா.

"பொண்ணுங்க இருக்காங்க."

"நீ இல்லாம உன் வாடிக்கைக்காரங்க தலையைக் குடுப்பாங்களா?"

தங்கை சிரிக்க முயன்றாள். ஈரக் கையுறையை உருவ ஆரம்பித்தாள். அது சுலபமாகக் கழலவில்லை. விரல் விரலாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உருவினாள். உள்ளே துணியில் இன்னொரு கையுறை இருந்தது. பல்லக்கா எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து, துணியை மெல்ல விலக்கினாள்.

உள்ளங்கை முழுக்கச் சிவந்து கன்றியிருந்தது. விரல் மடிப்பு ஒவ்வொன்றிலும் வெடிப்பு. இரண்டு வெடிப்புகளில் ரத்தம் காய்ந்திருந்தது.

பல்லக்கா வெடிப்புகளைத் தொடாமல் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசம். இருபது வருஷ மருந்து, ஒரேயடியா வந்து நிக்குது. கத்தரிக்கோல் பிடிக்கலாமாம். மருந்தைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மூணு மாசமா நான் கடையில சும்மாதான் உக்காந்திருக்கேன். மேற்பார்வை பாக்குறதா எல்லாரும் நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

"இதை வெச்சுக்கிட்டா இப்ப என் தலையை அலசினே?"

"உன் தலையாச்சே."

பல்லக்காவுக்கு அந்தக் கையை அழுத்தவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. உள்ளங்கையை மலர்த்தி, பீங்கானைத் தாங்குவது போலத் தாங்கிக்கொண்டாள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஒருத்தரைத் தவிர."

மேஜைமேல் வைத்திருந்த தங்கையின் போன் அதிர்ந்தது. அவள் திரையைப் பார்த்தாள். முகத்திலிருந்த வெளிச்சம் சட்டென்று இறங்கியது. எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. மணி அடித்து ஓய்ந்து, உடனே மறுபடி அடிக்கத் தொடங்கியது.

"அந்த ஒருத்தரா?"

தங்கை தலையாட்டினாள். "கடை விஷயமா புதன்கிழமைக்குள்ள பதில் வேணுமாம்."

பல்லக்கா வலது கையை நீட்டிப் போனைக் கவிழ்த்து வைத்தாள். இடது கையில் தங்கையின் கை அப்படியே இருந்தது.

"இப்ப எடுக்காதே" என்றாள். "முதல் நாள்ல இருந்து சொல்லு. நிதானமாச் சொல்லு. நான் எங்கேயும் போகல."